காலிக் கோட்டையும் கடல்வழி வந்த வரலாறும்

கொல்லிமலையின் சோளக்காட்டில் ஓர் அன்பர் வீட்டில் விடுமுறையைக் கழித்துக்கொண்டு இக்கட்டுரையை எழுதுகிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறிவந்தால் கடல் என்ற ஒன்று உலகில் இருப்பதே மறந்துபோகும். ஆயினும் முற்றத்துப் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருக்கிறது. அதன் மணம் எழும்பும்போதெல்லாம் என் நினைவு சென்ற ஆண்டு கண்டுவந்த ஒரு துறைமுகத்தை நோக்கி ஓடுகிறது. இலங்கையின் தென்மேற்கு முனையிலுள்ள காலி நகரே அது. மிளகும் கறுவாவும் அரேபியரையும் நம் மஅபர்க் கரையினரையும் அழைத்துச் சென்ற துறைகளுள் அதுவும் ஒன்று.

மத்தியதரைக் கடல் தீவுகளின் அரண்சூழ் துறைமுகங்களைப் பற்றி நம்மவர் நூல்களில் நிறையப் படித்திருக்கிறோம். 1522இல் சுல்தான் சுலைமான் வென்ற ரோட்ஸ், அங்கிருந்து வெளியேறிய வீரத்துறவியர் மால்டாவில் 1565ஆம் ஆண்டு முற்றுகைக்குப்பின் எழுப்பிய வலேட்டா, 1571இல் உஸ்மானியர் கைக்கு வந்த சைப்ரஸின் ஃபமகுஸ்தா ஆகியவை அவற்றுள் சில. பீரங்கி வந்தபின் உயர்ந்த மெல்லிய மதில்கள் பயனற்றுப் போயின. தாழ்ந்தும் தடித்தும் அமைந்த, முனைகளில் கொத்தளங்கள் நீட்டிய மதில்கள் இத்தாலியில் தோன்றி அக்கடலெங்கும் பரவின. அதே கட்டுமானக் கலை நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நம் கடலுக்கும் வந்து சேர்ந்தது. அதன் முழு உருவத்தை இன்றும் உடையாமல் காண வேண்டுமாயின் ரோட்ஸ் வரை செல்ல வேண்டியதில்லை. காலிக்குச் சென்றால் போதும்.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் புகைவண்டி ஏறினால் இருப்புப் பாதை பெரும்பாலும் அலைகளை ஒட்டியே செல்கிறது. அம்பலாங்கொடைக்கும் இக்கடுவைக்கும் இடையில் பெரலிய என்னும் சிற்றூர் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஒரு முழுப் புகைவண்டியையே புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட இடம் அது. பெட்டியில் இருந்தோர் அவ்விடம் வந்ததும் பேச்சை நிறுத்தினர். எனக்கு எதிரே அமர்ந்திருந்த பெளத்த முதியவர் கைகூப்பினார். நானும் மனத்துள் ஃபாத்திஹா ஓதிக்கொண்டேன்.

காலி நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் பேருந்து நிலையமும் கிரிக்கெட் மைதானமும் எதிர்ப்படுகின்றன. அவற்றுக்கு அப்பால், ஊரைக் கடலிலிருந்து பிரிப்பதுபோல் நீண்டு கிடக்கிறது கோட்டை மதில். அந்த டிசம்பரில் நீர் புகுந்து மைதானத்தையும் பேருந்து நிலையத்தையும் சூறையாடியபோது மதிலுக்கு உட்பட்ட ஊர் பெருஞ்சேதமின்றித் தப்பியது. பகைவரின் பீரங்கிக்காகக் கட்டப்பட்ட சுவர், கட்டியவர் கனவிலும் கருதாத ஒரு பகையை மூன்றரை நூற்றாண்டுகளுக்குப் பின் தடுத்து நிறுத்தியது.

மதிலைப் பற்றிச் சொல்வதற்கு முன் மதில் இல்லாத காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நமக்கு உரிய வரலாறு அங்கேதான் தொடங்குகிறது.

இலங்கையை அரேபியர் ஸரன்தீப் என்றனர். ஜஸீரத்துல் யாகூத், அதாவது மாணிக்கத் தீவு என்றும் அழைத்தனர். பலாதுரீ தம் ‘ஃபுதூஹுல் புல்தான்’ நூலில் தரும் செய்தி நம் மாணவர் அறிந்ததே. அத்தீவில் இறந்துபோன முஸ்லிம் வணிகர்களின் பெண்மக்களை அந்நாட்டு அரசர் ஹஜ்ஜாஜிடம் அனுப்பி வைத்தார். அவர்கள் சென்ற கப்பலைத் தேபல் அருகே கடற்கொள்ளையர் கைப்பற்றினர். சிந்து படையெடுப்புக்கு அதுவே காரணமாகக் கூறப்படுகிறது. வகுப்பில் இதை நடத்தும்போது நாமும் முஹம்மது பின் காஸிமின் குதிரைகளோடு விரைந்து வடக்கே போய்விடுகிறோம். அப்பெண்கள் பிறந்த ஊர் எது, அவர்களின் தந்தையர் அங்கே எத்தனை காலம் வாழ்ந்தனர், யார் வீட்டில் திருமணம் செய்தனர் என்று ஒரு மாணவரும் கேட்பதில்லை. ஆசிரியராகிய நானும் பல ஆண்டுகள் கேட்டதில்லை. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலேயே தென்கடல் தீவொன்றில் முஸ்லிம் குடும்பங்கள் இருந்தன என்பதற்கு அச்செய்தி சான்று. வாளின் கதையைச் சொல்லவந்த ஆசிரியர் போகிற போக்கில் வணிகத்தின் கதையை விட்டுச் சென்றிருக்கிறார்.

காலியின் பெயரைக் குறித்தவர் இப்னு பதூதா. ஹிஜ்ரி 745இல், கி.பி. 1344இல், மாலைத்தீவில் காழிப் பொறுப்பு வகித்துப் பிணக்குற்று வெளியேறியவர், பத்தாலா எனத் தாம் குறிக்கும் புத்தளத்தில் கரையிறங்கினார். அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். கரையெங்கும் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததையும், மஅபர், மலபார் நாட்டினர் அவற்றை விலையின்றி எடுத்துச் சென்று, ஈடாக அரசருக்குத் துணிமணிகள் கொடுத்ததையும் அவர் எழுதியுள்ளார். இங்கே மஅபர் என்பது நம் சோழமண்டலக் கரை. துணி கொடுத்துக் கறுவா கொண்டுவந்த அவர்கள் யாரோ அயலார் அல்லர்.

பாதமலை ஏறியபின் அவர் தெற்கே தீனவர் நகருக்கு வருகிறார். இன்றைய தெவிநுவரையே அது. அங்கிருந்த பெருங்கோயிலையும் அதன் அந்தணர் கூட்டத்தையும் வியப்போடு விவரிக்கிறார். அங்கிருந்து ஆறு ஃபர்ஸக் தொலைவில் ‘காலீ’ என்னும் சிறிய ஊர். அவ்வூரில் நாகுதா இப்றாஹீம் என்ற முஸ்லிம் ஒருவர் தம் இல்லத்தில் அவருக்கு விருந்தளித்தார். இவ்வளவே செய்தி, இரண்டு வரிகூட முழுமையாக இல்லை. ஆயினும் அந்த வரியை நான் நெடுநேரம் நினைத்துப் பார்ப்பதுண்டு. நாகுதா என்பது பாரசீகச் சொல். நாவ் என்றால் கப்பல், குதா என்றால் தலைவன். கப்பலை வழிநடத்துவோனை நாம் மாலுமி என்கிறோம். அது முஅல்லிம் என்ற அரபுச் சொல்லின் தமிழ் வடிவம். ஆசிரியனாகிய எனக்கும் கடலோடிக்கும் ஒரே பெயர் இருந்ததை எண்ணி மகிழ்வதா, நாணுவதா என்று தெரியவில்லை. மொராக்கோக்காரர் ஒருவர் உலகின் மறுகோடியில் ஒரு சிற்றூரில் இறங்குகிறார். கதவைத் தட்டினால் ஸலாம் சொல்லிச் சோறிட ஒரு வீடு இருக்கிறது. பின்னர் புத்தளம் திரும்பிய அவர், அதே பெயருடைய ஒரு நாகுதாவின் கப்பலில் மஅபருக்கு வந்து, தம் மனைவியின் சகோதரியை மணந்திருந்த மதுரை சுல்தான் கியாதுத்தீனைக் கண்டார். காலிக்கும் மதுரைக்கும் இடையே அன்று கடல் ஒரு தெருவாகவே இருந்தது.

அடுத்த சான்று எழுத்தில் இல்லை, கல்லில் இருக்கிறது. 1911இல் காலி நகரில் ஒரு வாய்க்கால் பாலத்தின் மூடுகல்லாக, எழுத்துள்ள பக்கம் கீழ்நோக்கிக் கவிழ்ந்து கிடந்த பலகைக்கல் ஒன்றை டோமலின் என்னும் பொறியாளர் கண்டெடுத்தார். இன்று அது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. காலிக்குப் போகும் முன்னரே அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு முற்பகல் முழுவதும் அதன் எதிரே நின்றேன். சீனப் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் பயணத்தின்போது நிறுவப்பட்ட அக்கல்லின் தேதி 1409. அவர் யுன்னான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையும் பாட்டனாரும் ஹாஜிகள் எனப் பெயர் பெற்றவர்கள். கல்லில் மூன்று மொழிகள் உள்ளன. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயரால் இஸ்லாத்துக்கும் காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. தெனவரை என்பது இப்னு பதூதா கண்ட அதே தீனவர்தான். பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, நறுமண எண்ணெய் என்று மூன்று பகுதிகளிலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகவே செல்கிறது. ஒருவருக்குக் கூட்டியும் ஒருவருக்குக் குறைத்தும் கொடுக்கவில்லை.

பாரசீகப் பகுதியே மிகுதியும் தேய்ந்திருக்கிறது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தும் என்னால் சில சொற்களையே கூட்ட முடிந்தது. ஆனால் தேய்வைவிட என்னைச் சிந்திக்க வைத்தது மொழித் தேர்வு. சிங்களம் இல்லை, அரபும் இல்லை. தீவின் தென்கோடியில் தங்கள் சொல் எவர் காதில் விழ வேண்டும் என்று சீனர் கணக்கிட்டார்களோ அவர்கள் தமிழும் பாரசீகமும் அறிந்தவர்கள். இது அரசியல் கணக்கு அன்று, துறைமுகக் கணக்கு. இன்றும் சிங்களம் சூழ்ந்த காலியில் முஸ்லிம்களின் வீட்டுமொழி தமிழாகவே இருப்பது அந்தத் தொடர்ச்சியன்றி வேறென்ன?

இங்கே ஒரு விலகல். காலிக் கோட்டையையே அரேபியர் கட்டினர் என்று நம்மவர் சிலர் மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறேன். சுலைமான் நபி (அலை) அவர்களின் கப்பல்கள் சென்ற தர்ஷீஷ் துறை காலியே என்று எமர்சன் டென்னன்ட் எழுதியதை இன்னும் சிலர் எடுத்தாள்கின்றனர். முன்னதற்கு ஆதாரமில்லை; பின்னது ஊகம். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரிசையை அவ்வளவு துருவி ஆராயும் நாம் வரலாற்றில் மட்டும் ஸனத் கேட்காமல் பெருமையை ஏற்றுக்கொள்வது முறையன்று. நாகுதா இப்றாஹீமின் ஒரு வேளை விருந்து போதும், அது உண்மை.

மதில் பின்னர் வந்தது. 1505-06இல், மாலைத்தீவுப் பக்கமாக ஒதுங்கிச் சென்ற முஸ்லிம் கப்பல்களை மறிக்கப் புறப்பட்ட லொரன்சோ த அல்மெய்தாவைக் காற்று இக்கரைக்கு ஒதுக்கியது. தீவில் போர்த்துகீசியர் கால்பதித்த நிகழ்வே நம் கப்பல்களைத் துரத்தி வந்ததன் விளைவு. அந்நூற்றாண்டின் இறுதியில், 1588 வாக்கில், காலிமுனையில் சிறு அரணொன்றை எழுப்பினர். 1626இல் தம் ஆட்சிப் பகுதியினின்றும் முஸ்லிம்களை வெளியேற்ற ஆணையிட்டனர். கண்டி மன்னர் செனரத் அவர்களுள் பெருந்தொகையினருக்குக் கிழக்குக் கரையில் இடமளித்தார். மட்டக்களப்புப் பகுதி முஸ்லிம்களின் வரலாற்றில் அந்தக் குடியேற்றம் ஒரு முக்கிய அத்தியாயம். துரத்தியவர் கிறிஸ்தவர், புகலளித்தவர் பெளத்தர் என்பதை அங்குள்ள முதியோர் இன்றும் மறவாமல் சொல்கின்றனர்.

1640 மார்ச்சில் வில்லம் கோஸ்டரின் தலைமையில் டச்சுக்காரர் காலியைக் கைப்பற்றினர். அவர் பிறந்த ஊரான அக்கர்ஸ்லூட்டின் பெயரை இன்றும் ஒரு கொத்தளம் தாங்கி நிற்கிறது. போர்த்துகீசியரின் சிற்றரணை அவர்கள் முழு நகராக்கினர். பதினான்கு கொத்தளங்கள்; ஏறத்தாழ 130 ஏக்கர் பரப்பு. தரைப்பக்கம் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று கொத்தளங்கள் வரிசையாக நிற்கின்றன. பழைய வாயிலின் உட்புறத்தில் டச்சுக் கம்பெனியின் முத்திரையும் 1669 என்ற ஆண்டும், மேலே ஒரு சேவலும் செதுக்கப்பட்டுள்ளன. போர்த்துகீச மொழியில் காலோ என்றால் சேவல். ஊர்ப்பெயரைத் தவறாகப் புரிந்துகொண்டவர்களின் பிழை கல்லில் ஏறிவிட்டது. தெருக்களின் கீழே சாக்கடைக் கால்வாய்களை அமைத்து, ஏறும் கடல் புகுந்து இறங்கும்போது கழிவை இழுத்துச் செல்லுமாறு செய்திருந்தனர். நம் நகரங்களின் பொறியாளர் எவரேனும் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

ஆனால் அந்த நேர்த்தியான நகரில் நம்மவருக்கு என்ன இடம்? டச்சுக்காரர் முஸ்லிம்களை வெளிநாட்டார் கணக்கில் வைத்தனர். ஆண்டுதோறும் குறித்த காலம் அரசுக்கு உழைக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும் என்று விதித்தனர். அவ்விதிக்கு அவர்கள் இட்ட பெயர் நம் தமிழ்ச் சொல்லே: ஊழியம். கொழும்பில் கோட்டைக்குள்ளும் பேட்டைக்குள்ளும் முஸ்லிம்கள் வீடு, நிலம் உடைமையாக வைத்திருப்பதைத் தடுத்த சட்டம் ஆங்கிலேயர் காலத்தில் 1832இல்தான் நீங்கியது. எனினும் காலியில் ஒரு தெருவுக்கு டச்சுக்காரரே இட்ட பெயர் ‘மூர்ச் சில்லறை வணிகர் தெரு’ என்று பொருள்படுவது. வாழ உரிமை தர மனமில்லை. ஆயினும் அவர்கள் இல்லாமல் கடைத்தெருவும் இல்லை. பெட்லர் வீதி என்ற ஆங்கிலப் பெயரில் இன்றும் ஒரு தெரு அங்கே உண்டு.

1796இல் ஆங்கிலேயர் வந்தனர். நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் துறையாகக் காலி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் செழித்தது. ஆஸ்திரேலியாவுக்கும் கல்கத்தாவுக்கும் சீனத்துக்கும் செல்வோர் இங்கே கப்பல் மாறினர். அவர்களுக்கு இரத்தினம் விற்றவர்கள் முஸ்லிம்கள். 1860இல் காலியில் தொடங்கிய மாக்கான் மாக்கார் குடும்பத்தின் நகை வணிகம் பின்னர் கொழும்பில் பெயர் பெற்றது. 1875இல் கொழும்பில் அலைதாங்கிச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் காலியின் வாழ்வு இறங்கத் தொடங்கியது. பாறைகள் நிறைந்த, தென்மேற்குக் காற்றுக்குத் திறந்து கிடந்த துறையைக் கப்பல்கள் கைவிட்டன.

இந்த வீழ்ச்சியே நம்மவருக்கு வாயிலைத் திறந்தது என்பதுதான் விந்தை. கோட்டைக்குள் இருந்த ஐரோப்பிய வழித்தோன்றல்கள் கொழும்புக்கும் பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தபோது அவர்களின் வீடுகளை வாங்கியவர்களுள் முஸ்லிம்கள் பலர். 1892இல் பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அரபுக் கல்லூரி கோட்டைக்குள் நிறுவப்பட்டது. கலங்கரை விளக்கத்தின் எதிரே நிற்கும் மீரான் ஜும்ஆ பள்ளிவாசலின் இன்றைய கட்டடம் 1904ஐச் சேர்ந்தது. முதலில் பார்ப்பவர் அதை மாதாகோயில் என்றே எண்ணுவர். இரு கோபுரங்களும் முகப்பும் அத்தகையன. வந்தவர் எவராயினும் அவர் கட்டுமுறையில் நமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு கிப்லாவை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்ட கட்டடம் அது.

அஸ்ருத் தொழுகை முடிந்து வெளித்திண்ணையில் அமர்ந்திருந்தபோது ஒரு பெரியவர் பேச்சுக் கொடுத்தார். என் தொழிலை அறிந்ததும் ‘ஹஸ்ரத்’ என்றே அழைத்தார். தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். உயர்ந்த கூரை, நடுமுற்றம், முன்புறம் தூண்கள் தாங்கிய நீண்ட திண்ணை. அத்தெருவில் அடுத்தடுத்த வீடுகள் பலவும் விடுதிகளாகவும் நகைக்கடைகளாகவும் உணவகங்களாகவும் மாறியிருந்தன. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபின் வெளிநாட்டார் தேடி வந்தனர். வீட்டு விலை ஏறியது.

“எங்கட வாப்பா காலத்துல இந்தத் தெரு முழுக்க நம்மட ஆக்கள்தான், ஹஸ்ரத். மஃரிப் நேரம் ஒவ்வொரு வீட்டுலயும் ஓதுற சத்தம் கேக்கும்” என்றார். “இப்ப நானும் விக்கத்தான் யோசிக்கிறன்.”

ஏன் என்று கேட்டேன். அவர் தந்தைக்கு மக்கள் எண்மர். அவர்களுள் மூவர் மறைந்து அவர்தம் மக்களும் வாரிசாகியுள்ளனர். பங்குகளை விரல்விட்டு எண்ணிக் காட்டினார். ஃபராயிழ் பாடத்தை முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் நடத்திவருபவன் நான்; இருபத்துநான்கில் எத்தனை, எழுபத்திரண்டில் எத்தனை என்று பின்னங்கள் பிழையின்றி வந்துவிடும். ஆனால் ஒரு முற்றத்தை எழுபத்திரண்டாக வகுப்பது எப்படி? மரபுச் சின்னமாகையால் இடையில் சுவர் எழுப்பவும் மாடி கட்டவும் தொல்லியல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது அவர்களிடையே வழக்கம். இந்த ஒரு வீட்டை விற்றால் கொழும்பில் மகள்மார் இருவருக்கும் வீடு வாங்கலாம். மற்றவர்களுக்கும் பங்கு சேரும். ஷரீஅத்தின் கணக்குச் சரியாக நிறைவேற வேண்டுமாயின் வீடு போக வேண்டும். வீடு நிற்க வேண்டுமாயின் எவரோ தம் பங்கை விட்டுத்தர வேண்டும். வக்ஃபு செய்யலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். வீடில்லாத பேத்தியர் இருக்கும் ஒருவரிடம் விருந்தினன் அதைச் சொல்வது எளிது என்று தோன்றவே நிறுத்திக்கொண்டேன். போர்த்துகீசியரின் ஆணையும் டச்சுக்காரரின் சட்டமும் வெளியேற்ற முயன்றவர்களை இன்று எவரும் வெளியேற்றவில்லை. நல்ல விலை கொடுத்து, நன்றியும் கூறி வாங்கிக்கொள்கின்றனர்.

மதிலின் மேல் நடந்து திரும்பினோம். 1939இல் கட்டிய வெண்ணிறக் கலங்கரை விளக்கின் அடியில் பல நாட்டுப் பயணியர் கூடியிருந்தனர். பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யாவின் மாணவர் சிலர் வெண்தொப்பியோடு மதிலோரம் பாடம் ஒப்பித்துக்கொண்டு நடந்தனர். எங்களைக் கண்டதும் ஸலாம் கூறி ஒதுங்கி நின்றனர். ஒருவரிடம் நான் இலக்கண வினா ஒன்றைக் கேட்டேன். தயங்காமல் விடை சொன்னார்.

விடைபெறும்போது பெரியவர், “ஹஸ்ரத்துக்கு எந்த ஊர்? காயல்பட்டினமா, கீழக்கரையா?” என்று கேட்டார். தமிழகத்திலிருந்து வரும் ஆலிம் வேறெந்த ஊராகவும் இருக்க முடியாது என்ற உறுதி அவர் குரலில் இருந்தது. கடலுக்கு வெகு தொலைவில், நாமக்கல் பக்கம், மிளகு விளையும் மலையின் அடிவாரம் என்றேன். “மிளகு ஊரா?” என்று சிரித்து உள்ளே சென்றவர், சிங்களப் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு கட்டுக் கறுவாவைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். விலை பேசலாகாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். மீரான் பள்ளியில் மஃரிபுக்குப் பாங்கு தொடங்கியிருந்தது. இருவரும் விரைந்து நடந்தோம்.